கிட்டங்கித் தெருவுக்கு நான் எழுதிய மூன்று ரிப்போர்ட்டுகள்

பழைய கட்டிடங்களைக் காப்பாற்றும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். என் சாதனைகளைச் சொல்லும்படி கூப்பிட்டவர்கள் கேட்டார்கள். நான் ஒரு தெருவுக்கு மூன்று ரிப்போர்ட் எழுதினேன். முதல் இரண்டும் தப்பு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். சாதனை வேண்டுமென்பவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம்.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே ஓவர்சியராக இருந்தது அறுபதுகளின் தொடக்கம். பழைய பஜாருக்குப் பின்னால் கிட்டங்கித் தெரு. எங்கள் பக்கத்தில் சரக்கு அடுக்கும் இடத்துக்குக் கிட்டங்கி என்றுதான் பேர். கீழே கிட்டங்கி, மேலே மச்சு வீடு. இப்படி இருபத்திரண்டு கதவு. மேற்கு வரிசையில் பதினாலு, கிழக்கு வரிசையில் எட்டு. எல்லாம் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்திரமும் கொண்டவை. ஒரு காலத்தில் வத்தலும் மல்லியும் பருப்பும் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வியாபாரம் ரயிலைத் தேடி விருதுநகருக்குப் போனதும் சொந்தக்காரர்களும் கூடவே போய்விட்டார்கள். கீழ்த்தளங்களைப் பூட்டிவிட்டு மச்சுகளை வாடகைக்கு விட்டார்கள். மல்லாங்கிணறு பக்கத்து மானாவாரிக் காடுகளில் கூலிக்கு உழைத்து, மழை பொய்த்துப்போய், தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே குடியேறின.

தெருவை இடித்துவிட்டு லாரி நிறுத்த இடம் எடுப்பது என்று மேலே முடிவானது. அதற்கு, கட்டிடங்கள் ஆபத்தானவை என்று ஓவர்சியர் எழுத வேண்டும். எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு, “பாத்து எழுதிக் கொண்டா” என்றார். ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. தெருவின் நடுவில் நடந்தேன். விரிசல் தெரிந்தது, காரை உப்பியிருந்தது, சுவரில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. இருபத்திரண்டு கதவுக்கும் ஒரே வரியை எழுதினேன்: வசிக்கத் தகுதியற்றது.

லஞ்சம் வாங்கிக்கொண்டு எழுதினேன் என்றால் உங்களுக்கு வசதியாக இருக்கும். ‘நாங்கள் அப்படி இல்லை’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நான் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. முழு நம்பிக்கையோடு எழுதினேன். சிமெண்டும் கம்பியும் படித்துவிட்டு வந்தவன் நான். சுண்ணாம்புச் சுவரென்றால் ஏதோ செத்துப்போன சாமான் என்று நினைத்திருந்தேன். ஒரு சுவரைக்கூட நான் தொடவில்லை.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள், ஆபீசுக்கு ஒரு பெண் வந்தார். பெயர் எஸ்தர். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். கிட்டங்கித் தெருவின் முதல் வீட்டில் நான்கு கட்டில் போட்டுப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவிலிருந்து நோட்டீசைக் கிழியாமல் உரித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“நீங்கதானே கையெழுத்துப் போட்டது?”

“ஆமா.”

“எந்தச் சுவரு விழும்னு காட்டுங்க. அதுக்குக் கிட்டக்க கட்டில் போடாம இருக்கேன். இப்ப ரெண்டு பேரு வலியோட கிடக்காக.”

எல்லாமே ஆபத்துதான் என்றேன்.

“எல்லாம்னா எது?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. மேஜை மேல் நோட்டீசை வைத்து நீவிவிட்டபடியே கேட்டார்: “நான் ஒரு பிள்ளைத்தாச்சியத் தொட்டுப் பாக்காம, வயித்துல பிள்ளை செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தா, நீங்க என்னைய விடுவீகளா?”

கூட இருந்த குமாஸ்தாக்கள் குனிந்து ஃபைலைப் பார்த்தார்கள். என் காது சூடாகிவிட்டது. கோபம்தான் வந்தது, வெட்கம் அன்று சாயங்காலம்தான் வந்தது. இரண்டும் சேர்ந்து என்னை மறுநாள் காலை தெருவில் கொண்டு நிறுத்தின.

கூட ஒரு ஆள் வேண்டுமே என்று முத்தையா கொத்தனாரை அழைத்துப் போனேன். என் வயதுதான் இருக்கும். சுண்ணாம்பிலும் வேலை செய்திருந்தார், சிமெண்டிலும் செய்திருந்தார். யாரிடமும் இனிமையாகப் பேசிப் பழக்கமில்லாதவர். நான் உப்பியிருந்த காரையைக் காட்டி, சுவர் பிதுங்குகிறது என்றேன். அவர் கரண்டியின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். காரை பொலபொலவென்று கொட்டியது. உள்ளே செங்கல் சுவர் நேராக நின்றது.

“இது சிமெண்டுப் பூச்சு சார். பத்து வருசத்துக்கு முன்னால உங்க ஆபீசுதான் பூசச் சொல்லுச்சு. சுண்ணாம்புச் சுவரு ஈரத்தை வெளிய விட்டுக்கிட்டு இருக்கும். நீங்க வாயையும் மூக்கையும் சேத்து அடைச்சிட்டீக.”

விரிசலைப் பார்ப்பதும் அன்றுதான் பிடிபட்டது. விரிசலுக்குள்ளே பழைய வெள்ளையடிப்பு இறங்கியிருந்தால் அது பழசு. வீடு எப்போதோ அசைந்து, உட்கார்ந்து, அதன்பின் பல பொங்கலுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். உள்ளே செங்கல் புதுச் சிவப்பாகத் தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். பத்து நாள் பார்த்தோம். உடனடி ஆபத்து மூன்று வீட்டில்தான். அதில் ஒன்று எஸ்தருடையது. பின்சுவரின் அடியில் சாக்கடைத் தண்ணீர் போய் அஸ்திவாரத்தை அரித்திருந்தது. சொன்னேன். அவர் கட்டில்களை முன்னறைக்கு இழுத்தார். அப்புறம், “இப்படிக் காட்டுனா நான் ஏன் சண்டைக்கு வாரேன்” என்றார்.

இரண்டாவது ரிப்போர்ட் எழுதினேன். முதல் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்குகிறேன்; மூன்று வீட்டுக்கு உடனே பழுது பார்க்க வேண்டும்; பத்தொன்பது வீடு உறுதியாக இருக்கிறது.

எஞ்சினியர் அதை இரண்டு தடவை படித்தார். “உன் கையெழுத்தை நீயே அடிக்கிறியா?”

“என் கையெழுத்துங்கறதாலதான் சார் அடிக்கிறேன்.”

அவர் மோசமான மனிதர் இல்லை. அதனால்தான் அவரை எதிர்ப்பது கஷ்டமாக இருந்தது. “அடைமழையில ஒரு சுவர் விழுந்து ஒரு குழந்தை செத்தா, உன் ரிப்போர்ட்டக் கொண்டுபோய் அந்தத் தாய்கிட்டக் காட்டுவியா?” என்றார். நியாயமான கேள்வி. மழை முடியும்வரை பொறுங்கள், விரிசல் அசைகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்றார். ஒன்று அசைந்தாலும் தெரு முழுக்கப் போகும் என்றும் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். அப்படி ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது.

விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லை ஒட்டி வைப்பார்கள். சுவர் அசைந்தால் சில்லு உடைந்துவிடும். இருபத்திரண்டு வீட்டு விரிசலுக்கும் ஒரே அளவில், மெல்லிசாகக் கண்ணாடிக்கு எங்கே போவது? எஸ்தர் ஆஸ்பத்திரியில் கேட்டு ஒரு டப்பா வாங்கி வந்தார். ரத்தம் பரிசோதிக்கிற சில்லுகள், கீறல் விழுந்து ஒதுக்கியவை. எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மாவைக் குழைத்து முத்தையா ஒவ்வொன்றாக ஒட்டினார். ஆபத்தான மூன்று வீட்டுக்கும் முன்பே முட்டுக் கொடுத்திருந்தார். தெரு முழுக்கச் சுவர்களில் கண்ணாடி மின்னியது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நான் காலையிலும் சாயங்காலமும் குடையோடு போய்ச் சில்லுகளைப் பார்த்தேன். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் முத்தையா என் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். நனைந்திருந்தார். “பதினொண்ணு” என்றார், அவ்வளவுதான்.

பதினோராம் நம்பர் வீட்டுச் சில்லு நடுவில் சுத்தமாக இரண்டாகியிருந்தது.

அந்த வீட்டை நான் உறுதி என்று எழுதியிருந்தேன். ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழே கிட்டங்கி பூட்டியிருந்தது. மற்றக் கிட்டங்கிகளின் சாவி மச்சுக் குடித்தனக்காரர்களிடமே இருந்தது; இதன் சாவி மட்டும் விருதுநகரில் சொந்தக்காரரிடம் இருந்தது. பஸ்ஸில் போய்வர ஒரு அரை நாள் ஆகும். ‘இரண்டு பக்கத்து வீடும் நன்றாக இருக்கின்றன, இதுவும் இருக்கும்’ என்று வெளியே நின்றபடி எழுதிவிட்டேன். நர்ஸ் என்னை எதற்குக் கேள்வி கேட்டாரோ அதையே ஒரு மாதத்துக்குள் மறுபடியும் செய்திருந்தேன். அன்று பூட்டை உடைத்துப் பார்த்தால், சரக்கு வைக்க இடம் பெரிதாக வேண்டும் என்று யாரோ எப்போதோ நடுவில் இருந்த குறுக்குச் சுவரை எடுத்திருந்தார்கள். பக்கச் சுவர் பிடிமானம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

மச்சில் பொன்னுத்தாய் குடும்பம் இருந்தது. அவள், புருஷன், மாமியார், நான்கு பிள்ளைகள். பொன்னுத்தாய் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்குகிறவள். மழையால் அன்று வேலை இல்லை; எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

என் சட்டைப் பையில் இரண்டு புதுச் சில்லு இருந்தது. எப்போதும் வைத்திருப்பேன். முத்தையா என் பையைப் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்தார். உங்களிடம் பொய் சொல்ல வரவில்லை. என் கை பைக்குள் போனது. உடைந்ததைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டிவிட்டால் தெரு பிழைக்கும். இந்தக் குடும்பத்தை ஏதாவது சாக்குச் சொல்லி இறக்கிவிட்டு, சத்தமில்லாமல் முட்டுக் கொடுத்துவிடலாம். இருபத்தொரு வீட்டுக்காக ஒரு சில்லு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பொன்னுத்தாய் குடத்தோடு படியிறங்கி வந்தாள். சில்லைப் பார்த்தாள். “உடைஞ்சிருச்சா சார்? ஆணி கீணி பட்டிருக்கும். நீங்கதான் இது நல்ல சுவருன்னு சொல்லிட்டீகளே.”

அவள் நிஜமாகவே நம்பிச் சொன்னாள். பையிலிருந்து கையை எடுத்தேன்.

“நான் சொன்னது தப்பும்மா. இந்தச் சுவர் நிக்காது. எல்லாரும் இப்பவே இறங்கணும்.”

அவள் முகம் மாறிவிட்டது. “இறங்குனா திரும்ப ஏற விடமாட்டாக.”

“விடுவாங்க. நான் எழுதித் தரேன்.”

“நீங்க எழுதுனதுதான் சார் கதவுல ஒட்டியிருக்கு.”

மழையில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். சத்தம் கேட்டு எஸ்தர் வந்துவிட்டார். அவர் என் பக்கமும் பேசவில்லை, அவள் பக்கமும் பேசவில்லை. “ஏ பொன்னுத்தாயி, உசுரோட இருந்தாத்தான் சண்டை போட முடியும். முதல்ல இறங்கு. மாமியாள நான் பிடிச்சுக்கிடுதேன். ஏறவிடாட்டி அப்ப பாப்போம்” என்றார். அரை மணியில் ஏழு பேரும் அடுப்பும் பாயும் எஸ்தர் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தன. முத்தையா பனந்தடிகளைக் கொண்டுவந்து அண்டை வீட்டுச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்.

நான் ஆபீசுக்குப் போய் மூன்றாவது ரிப்போர்ட் எழுதினேன். பதினோராம் நம்பரை உறுதி என்று எழுதியது என் பிழை; உள்ளே போய்ப் பார்க்காமல் எழுதினேன்; பக்கச் சுவர் விழும்; குடியிருந்தவர்களை இறக்கிவிட்டேன்; மற்றவை நிற்கும். உடைந்த சில்லையும் காகிதத்தில் மடித்து மேஜையில் வைத்தேன்.

எஞ்சினியர் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீயே என் வேலைய முடிச்சுக் குடுத்துட்ட.”

மறுநாள் காலை பத்து மணிவாக்கில் சுவர் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. சாக்கு மூட்டை சரிகிற மாதிரி ஒரு ஓசை, பிறகு தூசி. மழைக்குள் தூசி எழும்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முட்டுக் கொடுத்த அண்டை வீடு அசையவில்லை. எஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் பின்னால் இடிக்கிற காண்ட்ராக்டரும் வந்திருந்தார். எவ்வளவு சீக்கிரம் செய்தி போயிருக்கிறது பாருங்கள். ஊரே கூடிவிட்டது.

“இப்ப என்ன சொல்ற?” என்றார் எஞ்சினியர், எல்லாருக்கும் கேட்கும்படி.

“இது விழும்னு நேத்தே எழுதிக் குடுத்தவன் நான் சார். மத்த இருபத்தொண்ணும் நிக்கும்னு அதே தாள்லதான் எழுதியிருக்கேன். முதல் வரியை நம்பி வந்திருக்கீங்க. ரெண்டாவது வரியையும் நம்புங்க. இல்லைன்னா வாங்க, ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாப்போம்.”

காண்ட்ராக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எஞ்சினியர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். மத்தியானம் வரை நடந்தோம். பூட்டிய கதவையெல்லாம் திறக்கச் சொன்னேன். இந்த முறை ஒரு கதவைக்கூட விடவில்லை. அவர் ஒவ்வொரு சில்லையும் விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: “மேற்கு வரிசை இருக்கட்டும். கிழக்கு வரிசை போகணும். லாரி நிக்க இடம் வேணும்.”

“கிழக்கு வரிசையில ஒரு சில்லுகூட உடையல சார்.”

“தெரியும்.”

“அப்ப ஆபத்துன்னு நான் எழுத மாட்டேன்.”

நான் எழுதவில்லை. ஒரு மாதத்துக்குள் விஸ்வநத்தம் பக்கம் ரோடு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் எழுதிக் கொடுத்தார். கிழக்கு வரிசை எட்டு வீடும் போயின. நல்ல வீடுகள். எட்டையும் நான் உள்ளே போய்த் தொட்டுப் பார்த்திருந்தேன். இடிக்கும்போது சுவர் லேசில் விழவில்லை, கடப்பாரை எகிறியது என்று முத்தையா வந்து சொன்னார். ‘பாதி கிடைத்ததே, சமரசம் நல்லதுதானே’ என்று இப்போதும் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் சம்மதம் இல்லை. தோற்றதைத் தோற்றது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அப்போதுதான் அடுத்த தடவைக்குக் கோபம் மிச்சம் இருக்கும்.

மேற்கு வரிசைக்கு என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன். சைக்கிளில் வருவேன். சாக்கடையைத் தெருவின் நடுவுக்குத் திருப்பச் சொல்லி எஸ்தர் மனு மேல் மனுவாகப் போட்டு, ஒரு வழியாகத் திருப்ப வைத்தார். சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு முத்தையா சுண்ணாம்பு பூசினார். பதினோராம் நம்பரில் விழுந்த பக்கச் சுவரையும் குறுக்குச் சுவரையும் மறுபடி எழுப்பினார். பூச்சு காயும் முன்பே பொன்னுத்தாய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. எழுதித் தருகிறேன் என்று நான் சொன்ன தாளை அவள் கேட்கவும் இல்லை.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சிவகாசியிலிருந்து லேபிள் அச்சடிக்கிற ஒருவர் தாள் வைக்க இடம் தேடி வந்தார். தகரக் கொட்டகையில் வெயிலுக்குத் தாள் சுருண்டுகொள்கிறதாம். கனத்த சுண்ணாம்புச் சுவருக்குள் ஒரு மாதம் வைத்துப் பார்த்தார். அடுக்கி வைத்தபடியே இருந்தது. சீசன் தொடங்கும் முன்பு மூன்று கிட்டங்கிகள் திறந்தன. அடுத்த வருஷம் ஒன்பது. அட்டை வெட்டுகிற மெஷின் வந்தது, டீக்கடை வந்தது. பத்து வருஷமாகச் சரக்குக்குத் திறக்காத கதவுகளுக்கு எண்ணெய் போட்டார்கள். செத்த தெரு என்று ஃபைலில் எழுதியிருந்த தெருவில், கிழக்கு வரிசையை இடித்த இடமும் போதாமல், லாரி திரும்ப இடமில்லை என்று ஹாரன் அடித்துச் சண்டை நடந்தது.

இதோடு முடித்துவிட்டால் கைதட்டுவீர்கள். முடிக்க மாட்டேன். உங்கள் வேலை எந்த இடத்தில் உங்களை ஏமாற்றும் என்பதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

தெரு உயிர் பெற்றதும் சொந்தக்காரர்களுக்கு மச்சும் தேவைப்பட்டது. பதினோராம் நம்பர்க்காரர் விஸ்வநத்தத்துக்கே என்னைத் தேடி வந்தார். மரியாதையான மனிதர். “இந்தத் தெருவைக் காப்பாத்துனதே நீங்கதான். மச்சு சரக்கு வைக்க மட்டும்தான் லாயக்கு, குடியிருக்க ஆகாதுன்னு ஒரு கடுதாசி குடுங்க. உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கு” என்றார்.

“ஏழு பேர விடத் தாள் கட்டு கனம் ஐயா. அந்த உத்திரம் குடும்பத்தைத் தாங்கும். லோடு தாங்காது” என்றேன். அவர் புன்னகை செய்துவிட்டுப் போனார். வேறு யாரிடமோ கடுதாசி வாங்கிவிட்டார்.

லோடு வரும் நாளை எஸ்தர் சொல்லி அனுப்பினார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். காலை எட்டு மணி. தீப்பெட்டிக் கம்பெனி வண்டி வந்து காத்திருந்தது. தெருவின் பெண்கள் ஒருத்தியும் அன்று அதில் ஏறவில்லை. பதினோராம் நம்பர் படிக்கட்டில் மேலிருந்து கீழே வரை உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுத்தாய் கடைசிப் படிக்கு ஒரு படி மேலே இருந்தாள். தாள் லாரி வந்து நின்றது. சுமை ஆட்கள் முதல் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு படியடிக்கு வந்தார்கள். சொந்தக்காரர் பின்னால் நின்றார்.

“மச்சு ஆகாதுன்னு கடுதாசி இருக்கும்மா” என்றார்.

“எங்களுக்கு ஆகுது” என்றாள் பொன்னுத்தாய்.

பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “நீங்க அங்கன ஒதுங்கி நில்லுங்க சார். கவர்மெண்டு வேலை போயிரும்” என்றாள்.

கடைசிப் படி காலியாக இருந்தது. நான் அதில் உட்கார்ந்தேன்.

சுமையோடு நின்றவர்களில் மூத்தவர் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சொந்தக்காரரைத் திரும்பிப் பார்த்தார். “பொம்பளைகளத் தாண்டிக் காலு வைக்கிறதுக்கு நான் வரல மொதலாளி” என்று சொல்லிவிட்டு, கட்டைக் கிட்டங்கி வாசலில் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

அன்று லோடு கீழேதான் இறங்கியது. அந்தத் தெருவில் இன்றைக்கும் கீழேதான் இறங்குகிறது.